டிரைசூட்டில் மிதப்பு: டர்பனிலிருந்து கேப் டவுனுக்குப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு

கிழக்குக் கடற்கரையின் அலிவால் ஷோலிலும் சோட்வானாவிலும் வெட்சூட்டோடு (நீர் உள்ளே புகும் டைவிங் உடை) பழகிய டைவர்களுக்கு டிரைசூட் (நீர் புகாத, உள்ளே காற்று நிற்கும் உடை) பயிற்சியில் சிக்கல் தருவது மிதப்புதான். இதுவரை காற்று பிசிடிக்குள் (காற்று ஊதி மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் ஜாக்கெட்) மட்டும் அடங்கியிருந்தது. இப்போது உடம்பைச் சுற்றியும் காற்று. தோள் உயர்ந்தால் தோளுக்கும், கால் உயர்ந்தால் காலுக்கும் ஓடிவிடும். கேப்பின் அட்லாண்டிக் பக்கத்தில் கோடையிலும் டிரைசூட் தேவைப்படும். தென்கிழக்குக் காற்று மேல்நீரைத் தள்ளிவிட, அடியிலிருந்து ஏறும் நீர் 10 டிகிரிக்கும் கீழே போவதுண்டு.

முதலில் மூழ்குவதற்காகக் கட்டும் ஈய எடையைச் சரிசெய்யுங்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் இறங்க முடியவில்லை என்றதும் இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று கூட்டிக்கொண்டே போவார்கள். பல நேரம் குறை எடையில் இல்லை, சூட்டில் தங்கிய காற்றில்தான். தண்ணீரில் இறங்குமுன் இடது மேற்கையிலுள்ள வெளியேற்று வால்வை முழுக்கத் திறந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தி உட்காருங்கள். கழுத்து ரப்பரை ஒரு விரலால் லேசாக விலக்கினால் மிச்சக் காற்று புஸ்ஸென்று வெளியேறும்.

எடையைச் சோதிக்கச் சரியான நேரம் டைவின் முடிவு. சிலிண்டரில் காற்றழுத்தம் 50 பார், ஆழம் 5 மீட்டர், பிசிடி காலி, வால்வு திறந்த நிலை: அப்போது அசையாமல் நிற்க முடிந்தால் எடை சரி. நிறைந்த சிலிண்டரோடு சோதித்தால் 2 கிலோவுக்குச் சற்று அதிகமாகச் சேர்க்க வேண்டும். 12 லிட்டர் சிலிண்டர் 200 பாரிலிருந்து 50க்கு வரும்போது 1800 லிட்டர் காற்று செலவாகிறது. அதன் எடைதான் அது.

அதிக எடை ஏன் ஆபத்து? 3 கிலோ கூடினால் அதைத் தூக்க ஏறக்குறைய 3 லிட்டர் காற்று கூடுதலாக வேண்டும். 10 மீட்டரில் இருக்கும் அந்த 3 லிட்டர், வெளியேற்றாமல் ஏறினால் மேலே வருவதற்குள் 6 லிட்டராகிவிடும். கட்டுப்பாடில்லாமல் மேலே பாய்பவர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கும்.

இறங்கும்போது கால் கீழே இருக்கட்டும். சூட் உடம்பை இறுக்கத் தொடங்கியதும் சூட்டுக்குள் காற்றை விடும் மார்பு வால்வைத் தொட்டுத் தொட்டு அழுத்துங்கள், ஒரு தடவைக்கு ஒரு நொடி போதும். நீரடியில் மிதப்புக்குச் சூட்டையே பயன்படுத்தச் சொல்பவர்களும் உண்டு, பிசிடியைச் சொல்பவர்களும் உண்டு. பயிற்சியில் உங்கள் ஆசிரியர் சொல்லும் முறையைப் பின்பற்றுங்கள். எடை சரியாக இருந்தால் இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் நீர்மட்டத்தில் மிதக்க எப்போதும் பிசிடிதான். சூட்டை ஊதினால் கழுத்தை நெரிக்கும்.

ஏறும்போது, உடம்பு கிளம்பிய பிறகு காற்றை விட்டால் தாமதம். கிளம்புவதற்கு முன்பே இடது முழங்கையை உயர்த்துங்கள், மணிக்கட்டு தாழ்ந்தே இருக்கட்டும். கையை நேரே நீட்டினால் காற்று வால்வைத் தாண்டி மணிக்கட்டுக்குப் போய்விடும். வால்வு திறந்தும் காற்று வரவில்லையா? உள்ளே போட்ட தெர்மல் துணி வால்வை அடைத்திருக்கும், தோளை அசைத்துப் பாருங்கள். பாதுகாப்பு நிறுத்தத்தில் (மேலே வருமுன் 5 மீட்டரில் சில நிமிடம் நிற்பது) கெல்ப் என்னும் பெரிய கடற்பாசியின் தண்டைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். பிடித்தால் எடைத் தவறு தெரியாமலே போய்விடும்.

காற்று காலுக்கு ஏறித் தலைகீழானால் முழங்காலை மார்போடு மடக்கி உருண்டு, தலை மேலே வந்த உடனே வெளியேற்று வால்வைத் திறந்துவிடுங்கள். நொடிகள் போனால் ஃபின் (கால் துடுப்பு) கழன்றுவிடும், அதற்குப் பிறகு உதைக்க ஒன்றும் இருக்காது. மார்பு வால்வு சிக்கிக் காற்று ஓயாமல் வந்தால் ஒரு கையால் அந்த வால்வுக்குக் காற்று கொண்டுவரும் ஹோஸைக் கழற்றுங்கள், அதே நேரம் வெளியேற்றுங்கள். தடித்த கையுறையோடு இதைக் கரையிலேயே பத்து முறை செய்து பழகுங்கள். சைமன்ஸ் டவுனின் லாங் பீச் போன்ற ஆழமில்லாத மணல் தரையில் இவை எல்லாவற்றையும் மறுபடி மறுபடி செய்து பார்க்கலாம்.

லாக்புக்கில் ஒவ்வொரு டைவுக்கும் தெர்மலின் தடிமன், சிலிண்டர் வகை, ஈயத்தின் எடை, முடிவில் 5 மீட்டரில் நின்றீர்களா ஏறினீர்களா என்று நான்கையும் எழுதிவையுங்கள். தெர்மல் ஒன்று மாறினாலே பழைய எடை செல்லாது. வொண்டர்காட் போன்ற நன்னீர் டைவ் இடத்துக்குப் போனால், டைவரும் உபகரணமும் சேர்ந்து 100 கிலோ என்றால் ஈயத்தில் ஏறக்குறைய 2.5 கிலோ குறையும்.