நீர்வண்ண வகுப்பும் ஆயிரம் ரூபாயும்

மயிலாப்பூரில் ஞாயிறு காலை நடக்கும் நீர்வண்ண ஓவிய வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். எட்டு வாரம். கட்டணம் கட்டியதும் சார் ஒரு துண்டுச்சீட்டைக் கையில் கொடுத்தார்: 300 ஜி.எஸ்.எம். தாள், ஆறு டியூப் வண்ணம், 10-ஆம் நம்பர் பிரஷ், பேலட், பலகை. ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஒரு காசு செலவழிக்க மாட்டேன் என்று வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தேன். சென்ற ஆசைக்கு வாங்கிய தையல் மிஷின் இன்னும் போர்வைக்குள் இருப்பதால் அப்படி ஓர் அறிவிப்பு தேவைப்பட்டது.

முதல் சனிக்கிழமை

தாள் மலிவாக வேண்டுமென்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெரு. சென்னையில் கல்யாணப் பத்திரிகை அடித்தவர்களுக்கு அந்தத் தெருவைச் சொல்லத் தேவையில்லை. கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தேன். காகிதக் கட்டு ஏற்றிய தள்ளுவண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கியே பாதி நேரம் போனது.

“300 ஜி.எஸ்.எம். இருக்கிறதா தம்பி?”

“இருக்கிறது அம்மா. நூறா, ஐந்நூறா?”

“பத்து.”

அந்தத் தம்பி ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, பிரித்திருந்த கட்டிலிருந்து பத்து ஏ4 அட்டைகளை எண்ணிக் கொடுத்தான். அறுபது ரூபாய். வெள்ளை வெளேர் என்று, தடவினால் வழுக்கும் தாள். சார் சீட்டில் எழுதியதைவிட உயர்ந்த சரக்கையே வாங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

மறுநாள் வகுப்பில் முதல் பாடம், வானம். தாளை நனைத்துவிட்டு நீலத்தை மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும். மற்றவர்கள் தாளில் நீலம் மெல்லப் பரவியது. என் தாளிலோ வாழையிலையில் ஊற்றிய ரசம் மாதிரி ஓடி, ஓரத்தில் தேங்கி நின்றது. காய்ந்த பிறகு பார்த்தால் வானம் இல்லை, சுவரில் மழைநீர் இறங்கிய கறை. சார் வந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “இது ஐவரி அட்டை அம்மா. விசிட்டிங் கார்டு அடிக்கிற அட்டை.”

அந்தத் தம்பியின் மேல் குற்றமே இல்லை. கேட்டதைத்தான் கொடுத்தான். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்ற கணக்கு மட்டுமே. அந்தத் தாள் தண்ணீரை என்ன செய்யும் என்பதை அது சொல்லாது. அச்சு மை மேலேயே நிற்பதற்காக ஐவரி அட்டையை அழுத்தி வழவழப்பாக்கியிருக்கிறார்கள். நீர்வண்ணத் தாளின் கதை வேறு. அதன் முகம் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். தண்ணீர் உடனே உள்ளே போய்விடாமலும் மேலேயே நின்றுவிடாமலும் இருக்க, ஜெலட்டினோ மாவுப்பசையோ அளவாகச் சேர்த்திருப்பார்கள். பருத்தி நாரில் செய்ததானால் ஈரம் கூடுதல் நேரம் நிற்கும். நம்மைப் போன்றவர்கள் யோசித்துத் தடவ அந்த அவகாசம் தேவை.

இரண்டாம் வாரம்

இந்த முறை ஓவியப் பொருள் விற்கும் கடைக்கே போனேன். வெளிநாட்டுப் பருத்தித் தாளின் விலையைக் கேட்டுவிட்டு, கேட்காதது போல் நகர்ந்தேன். நம் ஊரில் கையால் செய்த பருத்தித் தாள், 22-க்கு 30 அங்குலம், அதே 300 ஜி.எஸ்.எம்., ஒரு முழுத் தாள் 160 ரூபாய். கையால் செய்த தாளில் பசை சில சமயம் குறைவாக இருக்கும் என்று சார் எச்சரித்திருந்தார். கடைக்காரரிடம் கேட்டு, மாதிரித் துண்டு ஒன்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். ஒற்றும் தாளானால் அடுத்த நொடியே உறிஞ்சியிருக்கும். இது முத்து மாதிரி நின்றது. பில் போட்டு முடிக்கும் வரை நின்றது.

கிழிப்பதுதான் சுவாரஸ்யம். கத்தரிக்கோல் வேண்டாம். தாளை மடித்து, கரண்டியின் முதுகால் மடிப்பை அழுத்தி, பின்பக்கமும் அப்படியே மடித்து அழுத்தி, விரலை நனைத்து மடிப்பின் மேல் ஒரு முறை ஓட்டினேன். இரும்பு ஸ்கேலை வைத்து மெல்ல இழுத்தால் நார் நாராகப் பிரிந்து வருகிறது. 22-ஐ இரண்டாக, 30-ஐ நான்காக. 11-க்கு ஏழரை அங்குலத்தில் எட்டுத் துண்டுகள். துண்டு இருபது ரூபாய், இரண்டு பக்கமும் வரையலாம் என்பதால் பக்கத்துக்குப் பத்து ரூபாய்.

மற்றவற்றில் பெரிய கதை இல்லை. பன்னிரண்டு வண்ணப் பெட்டி வாங்கவில்லை. பெட்டியில் வரும் வெள்ளையும் கறுப்பும் இப்போதைக்கு வேண்டாம், வெள்ளைக்குத் தாள் இருக்கிறது என்பது சார் கட்சி. லெமன் எல்லோ, எல்லோ ஆக்கர், கிரிம்சன், வெர்மிலியன், அல்ட்ராமரின், பர்ன்ட் சியன்னா என்று மாணவர் தரத்தில் ஆறு டியூப், 240 ரூபாய். கடைசி இரண்டையும் கலந்தால் ஐப்பசி மேகத்தின் சாம்பல் நிறம் அப்படியே வருகிறது. பேலட்டுக்கு, கோப்பை உடைந்து தனியாகிப்போன பீங்கான் சாசர். பலகைக்கு, மகளின் பத்தாம் வகுப்புப் பரீட்சை அட்டை. துடைக்கப் பழைய பனியன். மாஸ்கிங் டேப் மட்டும் நாற்பது ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

பிரஷ்ஷில் ஒரு தரம் ஏமாந்தேன். ஆறு பிரஷ் தொண்ணூறு ரூபாய் என்று ஒரு கட்டு. முதல் கழுவலிலேயே மயிர் கொட்டி, வானத்தில் கொக்குக் கூட்டம் போல ஒட்டிக்கொண்டது. பிறகு 130 ரூபாய்க்கு ஒரே ஒரு 10-ஆம் நம்பர் செயற்கை மயிர் பிரஷ் வாங்கினேன். புது பிரஷ்ஷின் முனை பசை போட்டு விறைப்பாக இருக்கும், அதைப் பார்த்து மயங்கக் கூடாது. தண்ணீரில் அலசி ஒரு உதறு உதறினால் முனை தானாகக் கூட வேண்டும். இது கூடுகிறது.

மூன்றாம் வாரம், ஒரு கிளைக்கதை

அல்ட்ராமரின் டியூபைப் பிதுக்கியபோது அம்மா எட்டிப் பார்த்து, “இது வேட்டிக்குப் போடும் நீலம்தானே?” என்றார். சிரித்துவிட்டு வகுப்பில் சாரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “அம்மா சொல்வது சரி. அந்தக் காலத்து நீலப்பொடி அல்ட்ராமரின்தான்” என்றார். ஆப்கானிஸ்தானத்து நீலக் கல்லை அரைத்து எடுத்ததால் ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பொன் விலை விற்ற வண்ணம். ‘கடலுக்கு அப்பாலிருந்து வந்தது’ என்பதுதான் பெயரின் பொருள். 1820-களில் பிரான்சில் அதைச் செயற்கையாகச் செய்யும் முறை கண்டுபிடிக்கப்பட்ட பிறகு சலவைத் தொட்டிவரை இறங்கி வந்துவிட்டது.

அப்புறம் சும்மா இருக்க முடியுமா? மளிகைக் கடையில் தேடி, சொட்டு நீலத்தை ஒதுக்கிவிட்டுப் பொடியாகவே ஒரு பாக்கெட் வாங்கினேன். அல்ட்ராமரின் அமிலத்தைத் தாங்காது என்று சார் சொல்லியிருந்தார். ஒரு சிட்டிகைப் பொடியில் எலுமிச்சம்பழம் பிழிந்தேன். கொஞ்ச நேரத்தில் நீலம் வெளிறத் தொடங்கியது, கூடவே லேசாக அழுகிய முட்டை நாற்றம். கந்தகம் வெளியேறுகிறதாம். அம்மா ஜன்னலைத் திறந்தார்.

மீதிப் பொடியைப் பிசின் கரைசலில் குழைத்து ஒரு வானம் தீட்டினேன். நீலம் என்னவோ அந்த நீலம்தான். ஆனால் அரைபடாத பொடி, தாளின் பள்ளங்களில் மணல் மணலாகத் தங்கிவிட்டது. டியூபை மூடி வைக்கும் அளவுக்கு இது தேறவில்லை. தூரத்து மலைக்கு மட்டும் அந்த மணல் நன்றாக இருக்கிறது.

நீலப்பொடி ஆசையைச் சேர்க்காமல் செலவு இதுவரை 720 ரூபாய். அதில் அட்டைக்குப் போன அறுபதும் கொக்குப் பிரஷ்ஷுக்குப் போன தொண்ணூறும் தண்டம். மீதி 280. எட்டுத் துண்டுகளில் மூன்று இரண்டு பக்கமும் தீர்ந்துவிட்டன. ஐவரி அட்டையில் மிச்சமிருந்த ஒன்பதையும் எதிர்வீட்டுப் பையன் பள்ளிக்கூட வேலைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.