சைக்கிள்காரரைச் சாலையில் விட்டுப் போன இருவர்

1955-இல் வந்த ‘ஒரு சைக்கிளோட்டியின் மரணம்’ என்ற ஸ்பானியப் படத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இயக்குநர் ஹுவான் அந்தோனியோ பார்தெம். கறுப்பு வெள்ளை, ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. கள்ளக்காதல், பதவி ஆசை, குற்ற உணர்ச்சி என்று ஒரு த்ரில்லருக்குத் தேவையான எல்லாமே இதில் இருக்கிறது, ஆனால் இதைப் பார்த்து முடித்த பிறகு மனதில் நிற்பது அதெல்லாம் இல்லை. கதையை மூடி வைத்துக்கொண்டு இந்தப் படத்தைப் பேச முடியாது, முடிவு வரைக்கும் சொல்லத்தான் போகிறேன். முதலில் படத்தைப் பார்த்துவிடலாம் என்பவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு சாலை, இரண்டு பக்கமும் வெற்று நிலம். ஒருவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு மேட்டைத் தாண்டி மறைகிறார். அடுத்து ஒரு கார் வந்து நிற்கிறது. மோதலை நாம் பார்ப்பதே இல்லை. காரை ஓட்டி வந்தவள் மரியா ஹோசே, பெரிய பணக்காரர் ஒருவரின் மனைவி. பக்கத்தில் இருப்பவன் ஹுவான், பல்கலைக்கழகத்தில் கணக்கு வாத்தியார், அவளுடைய காதலன். ஹுவான் இறங்கி ஓடிப்போய்ப் பார்க்கிறான். அடிபட்டவருக்கு உயிர் இருக்கிறது. அதைச் சொல்கிறான். அவளோ காருக்குப் பக்கத்திலேயே நின்று அவனைக் கூப்பிடுகிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் யார் நீங்கள், எங்கே போய்விட்டு வருகிறீர்கள், உங்கள் இரண்டு பேருக்கும் என்ன உறவு என்று கேட்பார்கள். அவன் திரும்பி வந்து காரில் ஏறிக்கொள்கிறான். கார் போய்விடுகிறது.

இவ்வளவுதான் குற்றம். கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை, திட்டமும் இல்லை. மோதியது விபத்து, அதற்காக யாரும் அவர்களைக் கொலைகாரர்கள் என்று சொல்ல மாட்டார்கள். கொலை நடப்பது அந்தச் சில நொடிகளில், அவள் கூப்பிட்டு அவன் திரும்பி நடக்கிறானே, அந்த நடையில். பார்தெம் இதைப் படத்தின் முதல் சில நிமிடங்களிலேயே முடித்துவிடுகிறார். யார் செய்தது என்ற கேள்விக்கே இடமில்லை. மீதிப் படம் முழுக்க, தப்பித்துவிட்டவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதுதான்.

அப்புறம் வருகிறான் ராஃபா. கலை விமர்சகன் என்று சொல்லிக்கொண்டு பணக்காரர் வீட்டு விருந்துகளில் ஒட்டிக்கொண்டு திரிகிறவன், பியானோ வாசிப்பான், வம்பு பேசுவான், எல்லோரும் அவனைச் சிரித்துக்கொண்டே சகித்துக்கொள்கிறார்கள். அவன் இவர்கள் இருவரையும் காரில் ஒன்றாகப் பார்த்திருக்கிறான். ‘எனக்கு எல்லாம் தெரியும்’ என்கிற மாதிரியே பேசுகிறான். எதைப் பார்த்தான் என்று மட்டும் சொல்வதில்லை. அவனுக்குத் தெரிந்தது கள்ளக்காதல் மட்டும்தான், இவர்களோ சைக்கிள்காரரைப் பற்றியும் தெரிந்திருக்குமோ என்று செத்துப் பிழைக்கிறார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். சஸ்பென்ஸ் என்றால் வெடிகுண்டும் துரத்தலும் வேண்டும் என்று நினைப்பவர்கள் ராஃபா வரும் காட்சிகளை மட்டுமாவது பார்க்க வேண்டும்.

அதிலும் ஸ்பானியப் பாட்டும் ஆட்டமுமான ஃபிளமெங்கோ நடக்கும் அந்த விருந்துக் காட்சி. கைதட்டலும் பாட்டும் ஆட்டமுமாக அறை அதிர்கிறது. ஒரு மூலையில் ராஃபா மரியா ஹோசேயின் கணவன் மிகேலின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறான். சத்தத்தில் நமக்கு ஒரு வார்த்தை கேட்காது, அவளுக்கும் ஹுவானுக்கும் கேட்காது. ராஃபாவின் வாய் அசைவதும் மிகேலின் முகமும்தான் தெரிகிறது. சொல்லிவிட்டானா, எதைச் சொன்னான்? கேமரா ஒவ்வொரு முகமாகத் தாவுகிறது, கைதட்டல் வேகம் எடுக்கிறது. வசனமே இல்லாமல் ஒரு கழுத்தை நெரிக்க முடியும் என்றால் அது இந்தக் காட்சி.

படத்தின் எடிட்டிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராஃபா ஆத்திரத்தில் ஒரு பாட்டிலை ஜன்னல்மேல் எறிகிறான், கண்ணாடி உடைகிறது. அடுத்த ஷாட்டில் உடைந்து விழுவது பல்கலைக்கழகத்தின் ஜன்னல், உடைத்தவர்கள் மாணவர்கள். இரண்டு இடம், இரண்டு கோபம். முதலாவது தன்னுடைய சில்லறை லாபம் கைநழுவியதற்கான கோபம், இரண்டாவது இன்னொருத்திக்கு நடந்த அநியாயத்துக்கான கோபம். வெட்டு ஒன்றுதான், அதற்குள் படத்தின் மொத்த வாதமும் இருக்கிறது.

அந்த இன்னொருத்தி மத்தில்தே. ஹுவானின் மாணவி. என்னைப் பொறுத்தவரை இந்தப் படத்தின் இதயம் அவள்தான், காதலர்கள் இல்லை. ஒரு நாள் வகுப்பில் அவள் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஹுவான் செய்தித்தாளில் சைக்கிள்காரரின் சாவுச் செய்தியைப் படித்துவிடுகிறான். அந்த அதிர்ச்சியில் அவள் போடும் கணக்கை அவன் பார்க்கவே இல்லை. பாதியில் நிறுத்தச் சொல்லி, எரிந்து விழுந்து, உட்காரச் சொல்லிவிடுகிறான். அவள் படிப்பே நாசமாகிவிடும் நிலை. ஒரு மனிதனைச் சாக விட்டதைப் பற்றி வாய் திறக்க முடியாதவனுக்கு, ஒரு மாணவியிடம் அநியாயமாக நடந்துகொண்டதை மறுக்க முடியவில்லை. பெரிய குற்றத்தை மனது கதவைச் சாத்தி வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது, சின்னக் குற்றம் வழியாக அது உள்ளே வந்துவிடுகிறது. குற்ற உணர்ச்சியைப் பற்றி எத்தனையோ படங்கள் வந்திருக்கின்றன, பெரும்பாலும் கெட்ட கனவு, வியர்வை, கண்ணாடியில் முகம் பார்ப்பது என்று முடிந்துவிடும். இங்கே அது வேறு ஒருவருக்குச் செய்த தவறாக, பெயரும் முகமும் உள்ள ஒரு பெண்ணாக எதிரே வந்து உட்கார்ந்து பேசுகிறது. அவள் அவனைத் திட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. அவளுக்காக மாணவர்கள் திரண்டு அவனுக்கு எதிராகவே கோஷம் போடும்போது அவன் முகத்தில் கோபம் வரவில்லை. கிட்டத்தட்ட ஒரு நிம்மதி வருகிறது. தனக்காக இல்லாமல் இன்னொருவருக்காகக் கத்துகிற மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதே அவனுக்குப் புதிதாக இருக்கிறது.

ஏன் புதிது? அவன் அந்த வாத்தியார் வேலைக்கு வந்ததே கூடப் பிறந்தவளின் புருஷன் செல்வாக்கில்தான். ஸ்பானிய உள்நாட்டுப் போர் 1936-இலிருந்து 1939 வரை நடந்தது. போருக்கு முன்பே ஹுவானும் மரியா ஹோசேயும் காதலர்கள். அவன் போர்முனைக்குப் போனான், அவள் பணக்காரனைக் கல்யாணம் செய்துகொண்டாள். போரில் ஜெயித்து நாட்டின் சர்வாதிகாரியான பிராங்கோவின் பக்கத்தைச் சேர்ந்த குடும்பங்கள் அவை, சௌகரியங்கள் தாமாக வந்து சேர்கின்றன. மரியா ஹோசேக்கு இருக்கும் ஆசை மேலே ஏறுவது இல்லை, ஏறிய இடத்திலிருந்து இறங்காமல் இருப்பது. அவள் ஹுவானை உண்மையாகவே நேசிக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஆனால் வீட்டையும் நகையையும் விருந்தையும் விட்டுவிட்டு நேசிக்க அவளால் முடியாது. சைக்கிள்காரரைச் சாக விட்டது கள்ளக்காதல் இல்லை, அந்தச் சௌகரியம்தான். ஹுவான் ஒரு நாள் இறந்தவர் குடியிருந்த ஏழைகள் பகுதிக்குப் போய்ப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசிவிட்டு வருகிறான். அந்த விருந்து மண்டபத்துக்கும் இந்தக் குடியிருப்புக்கும் நடுவே எந்த வசனமும் தேவைப்படவில்லை.

இதையெல்லாம் பிராங்கோ ஆட்சிக்குள், தணிக்கைக் கத்திரிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு எடுத்திருக்கிறார் பார்தெம், அதுவும் கம்யூனிஸ்ட் கட்சிக்காரராக இருந்துகொண்டு. அதே 1955 மே மாதம் சலமாங்காவில் நடந்த திரைப்பட மாநாட்டில், ஸ்பானிய சினிமா அரசியல் ரீதியாகப் பயனற்றது, சமூக ரீதியாகப் பொய்யானது என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர். கேன்ஸ் திரைப்பட விழாவில் இந்தப் படத்துக்கு உலக விமர்சகர்களின் ஃபிப்ரெஸ்கி பரிசு கிடைத்தது. அடுத்த வருடமே, இன்னொரு படத்தின் படப்பிடிப்பில் இருந்தவரைக் கைது செய்தார்கள்.

முடிவுக்கு வருகிறேன். ஹுவான் வேலையை ராஜினாமா செய்துவிட்டு, போலீஸில் சரணடையலாம் என்கிறான். அவள் சரி என்கிற மாதிரி காரை எடுக்கிறாள். விபத்து நடந்த அதே இடத்தில் நிறுத்துகிறார்கள். போரின்போது அவன் பதுங்குகுழியில் கிடந்ததும் அதே நிலத்தில்தான். அவன் இறங்கி நின்று பழையதை நினைத்துக்கொண்டிருக்கும்போது, அவள் காரை அவன்மேல் ஏற்றிவிடுகிறாள். முதல் சாவு விபத்து, இது விபத்து இல்லை. பிறகு இருட்டில் கணவனிடம் போய்ச் சேர வேகமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். பாலத்தில் எதிரே ஒரு சைக்கிள் வருகிறது, திருப்புகிறாள், கார் கீழே விழுகிறது.

கணவனுக்குத் துரோகம் செய்தவள் தண்டிக்கப்பட வேண்டும் என்று தணிக்கையாளர்கள் வற்புறுத்தியதால் வந்த முடிவு இது என்பார்கள். அப்படி வந்த முடிவுக்குள்ளும் பார்தெம் தன் வேலையைக் காட்டியிருக்கிறார். அந்த இரண்டாவது சைக்கிள்காரர் நின்று பார்க்கிறார். ஒரு கணம் தயங்குகிறார். அப்புறம் வெளிச்சம் தெரியும் ஒரு வீட்டை நோக்கி மிதிக்கிறார், ஆளைக் கூட்டி வர. படிப்பும் பணமும் உள்ள இரண்டு பேர் செய்யாததை, பெயர் கூடத் தெரியாத ஒருவர் செய்கிறார். தண்டனை கேட்டவர்களுக்குத் தண்டனையும் கிடைத்துவிட்டது, படம் சொல்ல வந்ததும் அவர்கள் கண்ணெதிரே நடந்துவிட்டது.

எனக்கு ஒரே ஒரு குறை. மரியா ஹோசேக்கு மனசாட்சி உறுத்தும் காட்சிகள் போதாது. ஹுவானுக்கு மத்தில்தே இருக்கிறாள், மாணவர்கள் இருக்கிறார்கள். அவளுக்கு யாருமே இல்லை, பயம் மட்டும்தான் இருக்கிறது. கடைசியில் அவளை முழு வில்லியாக்கிவிட்டது தணிக்கையின் கை மட்டும்தானா என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. அதையும் மீறி லூசியா போசே அந்தப் பாத்திரத்தைத் தாங்கிப் பிடிக்கிறார். 1947-இல் மிஸ் இத்தாலி பட்டம் வென்றவர், முகத்தை அசைக்காமலேயே பயத்தைக் காட்டத் தெரிந்தவர். அவரைப் பிடித்துப்போனால் அடுத்து இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் முதல் கதைப்படமான ‘ஒரு காதலின் கதை’யைப் பாருங்கள், 1950-இல் வந்தது. அதிலும் அவர் பணக்காரரின் மனைவிதான், பழைய காதலன்தான், நடுவே ஒரு சாவுதான். ஆனால் அங்கே காதலர்கள் கையால் யாரும் சாகவில்லை. சாக வேண்டும் என்று விரும்பியதுதான் அவர்களை அரிக்கிறது.