அம்மாவின் கோவை எந்த அமைச்சில் இருக்கிறது?

அம்மா ஒரு நியதிச்சட்ட நிறுவனத்தில் 31 ஆண்டுகள் எழுதுவினைஞராக இருந்தவர். காலந்தாழ்த்திக் கிடைத்த பதவி உயர்வுக்கான நிலுவைச் சம்பளம் மட்டும் அவர் கைக்கு வரவில்லை. நிறுவனம் பரிந்துரை செய்து கோவையை (பைலை) அமைச்சுக்கு அனுப்பிவிட்டது. அமைச்சின் அனுமதிதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து 2024 செப்டம்பரில் இலங்கையில் ஆட்சி மாறியது. முதலில் மூன்று பேர் மட்டுமே கொண்ட அமைச்சரவை, பிறகு நவம்பர் 18 இல் முழு அமைச்சரவை. அமைச்சுகளின் பெயர்கள் மாறின. அம்மாவின் நிறுவனமும் வேறோர் அமைச்சின் கீழ் போனது.

ஜனவரியில் அலைச்சல் தொடங்கியது. கொள்ளுப்பிட்டியில் 177 பஸ் ஏறிப் பத்தரமுல்லையில் இறங்குவேன். பழைய அமைச்சில், “அந்த நிறுவனம் இப்போது எங்களிடம் இல்லை” என்பார்கள். புதிய அமைச்சில், “கோவை இன்னும் வரவில்லை, பழைய இடத்தில் கேளுங்கள்” என்பார்கள். நான்கு முறை இப்படியே நடந்தது. ஒவ்வொரு முறையும் அம்மா பரிந்துரைக் கடிதத்தின் பிரதியை பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தருவார். கோவை இலக்கத்தின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருப்பார், யார் கண்ணிலும் தப்பிவிடக் கூடாது என்று. அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். 31 ஆண்டுகள் மற்றவர்களின் கோவைகளை ஒழுங்காக வைத்திருந்தவர் அவர்.

வெள்ளவத்தையில் எங்கள் மேல்மாடியில் ஓய்வுபெற்ற நிர்வாக உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் வழி காட்டினார். “தம்பி, கட்டிடம் கட்டிடமாக ஏறி இறங்காதேயும். வர்த்தமானியை, அதுதான் அரசாங்க அறிவித்தல் ஏட்டை, எடுத்துப் பாரும். பிறகு அமைச்சின் செயலாளருக்கு எழுதும்.”

அமைச்சர்களுக்கு விடயங்களையும் பணிகளையும் ஒதுக்கும் அதிவிசேட வர்த்தமானி தமிழிலும் கிடைக்கிறது. ஒவ்வோர் அமைச்சுக்கும் மூன்று நிரல்கள். முதலாவதில் விடயங்களும் பணிகளும், இரண்டாவதில் அந்த அமைச்சின் கீழ் வரும் திணைக்களங்களும் நிறுவனங்களும், மூன்றாவதில் நடைமுறைப்படுத்த வேண்டிய சட்டங்கள். இரண்டாவது நிரலில் விரலை வைத்து இறங்கிக்கொண்டே வந்தேன். அம்மாவின் நிறுவனத்தின் பெயர் இருந்தது. அந்த ஒரு வரி முன்பே என் கையில் இருந்திருந்தால் நான்கு பயணங்களும் மிச்சம்.

அன்றிரவு அரசியலமைப்பின் 8 ஆம் அத்தியாயத்தை வாசித்தேன். சட்டம் படித்தவன் அல்ல நான். ஆனால் என் வேலைக்குத் தேவையானது அங்கே தெளிவாகவே இருந்தது. அமைச்சர்களுக்கு ஒதுக்கிய விடயங்களை ஜனாதிபதி எந்த நேரத்திலும் மாற்றலாம். ஆனால் அந்த மாற்றத்தால் அமைச்சரவையின் தொடர்ச்சியோ, பாராளுமன்றத்துக்கு அது பொறுப்புக் கூறும் தொடர்ச்சியோ பாதிக்கப்படாது. 52 ஆவது உறுப்புரை செயலாளரைப் பற்றியது. அமைச்சரின் பணிப்புக்கு அமைய, அமைச்சின் கீழுள்ள திணைக்களங்களையும் நிறுவனங்களையும் மேற்பார்வை செய்பவர் அவர். அமைச்சு இல்லாமல் போனால் அவருடைய பதவியும் முடிந்துவிடும். நான் முதலில் எழுதிய கடிதத்தைப் பழைய செயலாளரின் பெயருக்கு அனுப்பியிருந்தேன். இம்முறை பெயரை விட்டுவிட்டுப் பதவிக்கு எழுதினேன்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதினேன். சிங்களத்தில் எழுதினால் வேலை சுறுக்காக நடக்கும் என்று நண்பர்கள் சொன்னார்கள். கொழும்பில் இருந்துகொண்டே அரச அலுவலகத்தோடு தமிழில் கருமமாற்றவும் தமிழில் பதில் பெறவும் 22 ஆவது உறுப்புரை உரிமை தருகிறது. அந்த உரிமையை நாமே பயன்படுத்தாவிட்டால் அது ஏட்டில்தான் கிடக்கும். நிரல், நிறுவனத்தின் பெயர், கோவை இலக்கம் மூன்றையும் முதல் பந்தியிலேயே குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

கூடவே பழைய அமைச்சின் தகவல் அலுவலருக்கு, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுத்தேன். கட்டணம் இல்லை, காரணமும் சொல்ல வேண்டியதில்லை. கேட்டது இரண்டே கேள்விகள்: கோவை இப்போது எங்கே இருக்கிறது? கையளித்திருந்தால் எந்தத் திகதியில், எந்தக் கடிதத்தின் மூலம்? “ஏன் தாமதம்?” என்று கேட்காதேயும், அதற்கு விளக்கம்தான் வரும், ஆவணம் வராது என்று மேல்மாடி ஐயா சொல்லியிருந்தார். விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு கேட்டு வாங்கினேன். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்ற கணக்கை அதை வைத்துத்தான் பார்க்க முடியும்.

பதினோராவது வேலை நாளில் பதில் வந்தது. கோவை பழைய அமைச்சின் ஆவண அறையிலேயே இருந்திருக்கிறது. விண்ணப்பம் கிடைத்து ஐந்தாம் நாள் புதிய அமைச்சுக்குக் கையளித்திருக்கிறார்கள். கையளித்த கடிதத்தின் பிரதியையும் இணைத்திருந்தார்கள்.

செயலாளர் அலுவலகத்திலிருந்து தமிழில் கடிதம் வர மேலும் ஆறு வாரங்கள் ஆயின. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலில் மேல் மூலையில் இருந்த கோவை இலக்கத்தைத்தான் பார்த்தார். “அதே இலக்கம்தான்” என்றார். பிறகுதான் அனுமதி கிடைத்ததை வாசித்தார்.