வென்ட் பைப்புக்கு அடியில் ஈரம்

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலிருக்கும் மண்டபம் என்ற ஊரில், எங்கள் மாடியிலிருக்கும் சோலார் வாட்டர் ஹீட்டரின் தொட்டி ஐப்பசியில் ஒழுக ஆரம்பித்தது. இந்த வெயில் ஊரில் எதற்கு வெந்நீர் என்று கேட்பவர்கள் மார்கழி வாடைக்காற்றில், விடியற்காலை 5 மணிக்கு, 72 வயது முழங்காலோடு குளித்துப் பார்க்க வேண்டும். அம்மா அப்படித்தான் குளிக்கிறார்.

வெளியே உப்புக்காற்று, உள்ளே போர் தண்ணீர். தொட்டிக்குள் மெக்னீசியம் கம்பி ஒன்று இருக்கும். தொட்டி அரிக்காமல் அதற்குப் பதிலாகத் தான் கரைவதுதான் அதன் வேலை. கழற்றிப் பார்த்தால் நடுவிலிருந்த மெல்லிய இரும்பு மட்டும் ஈர்க்குச்சி மாதிரி நின்றது. 8 வருடத்தில் நான் ஒருமுறைகூட மாற்றவில்லை. என் தப்புதான்.

புதுத் தொட்டி வந்தது. அதே 150 லிட்டர், 15 குழாய். பிளம்பர் விடிவதற்குள் வந்து வேலையை முடித்தார். வெயிலில் காய்ந்த வெற்றுக் கண்ணாடிக் குழாயில் பச்சைத்தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மாடியிலிருந்து குளியலறை வரை வெந்நீர் லைனையும் புதிதாக இழுத்தார்.

மறுநாள் அம்மா, "என்னடா, புதுசு போட்டும் வெதுவெதுன்னுகூட வரல" என்றார்.

முதலில் காற்றடைப்பு என்று நினைத்தேன். புது பைப் கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி இறங்கியது. அந்த மேட்டில் காற்று தங்கினால், மேல்தொட்டியின் உயரத்தை மட்டும் நம்பி வரும் தண்ணீரால் அதைத் தள்ள முடியாது. பைப்பைச் சுவரைத் துளைத்து நேராக இறக்கினோம். தண்ணீர் தாராளமாக வந்தது, ஆனால் ஆறிப்போய்.

அப்புறம்தான் மாடியில் அதைக் கவனித்தேன். சோலார் தொட்டியிலிருந்து காற்றும் ஆவியும் வெளியேற மேலே நிற்கும் வென்ட் பைப்புக்கு அடியில் தளம் நனைந்து, ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அந்த பைப்பின் வாய் மேல்தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்கிறது. தானாக வழிய வழியே இல்லை. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது: ராத்திரி யாரும் குழாயைத் திறக்காதபோதும் பிரஷர் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

சோலாருக்குப் பச்சைத்தண்ணீர் போகும் கேட் வால்வை மூடினேன். கீழே போய் சமையலறையின் வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை, சில்லென்று வேகமாகக் கொட்டியது. வெந்நீர் லைனுக்குள் எங்கிருந்தோ பச்சைத்தண்ணீர் ஏறுகிறது என்பது உறுதியானது.

காரணம், வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து தரும் குளியலறை மிக்சர் குழாய்தான். அம்மா குளித்து முடித்ததும் கை ஷவரின் பட்டனை மட்டும் நிறுத்துவார். மிக்சரின் கைப்பிடி திறந்தபடியே இருக்கும். பச்சைத்தண்ணீர் பம்ப் அழுத்தத்தில் வருகிறது, வெந்நீர் சும்மா மேலிருந்து இறங்குகிறது. 10 அடி உயரம் தருவது சுமார் 0.3 பார் அழுத்தம்தான். பம்புக்கு முன்னால் அது எம்மாத்திரம்? பச்சைத்தண்ணீர் மிக்சருக்குள்ளேயே தாண்டி வெந்நீர் லைனில் ஏறி, சோலார் தொட்டியைக் குளிர்வித்து, மேல்தொட்டிக்கே திரும்பி, மிச்சம் வென்ட் வழியே கொட்டியிருக்கிறது.

அம்மா வருடக்கணக்காக அப்படித்தான் செய்கிறார், இதுவரை ஏன் வரவில்லை? பழைய லைனில் மிக்சருக்கு முன்னால் தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விட்டு, திரும்பி வராமல் தடுக்கும் ஒரு நான் ரிட்டர்ன் வால்வு இருந்தது. பழைய பைப்போடு அதையும் வெட்டிப் போட்டுவிட்டார்கள். கழித்துப் போட்ட துண்டுகளைக் கிளறினேன், பச்சைக் களிம்பேறிய பித்தளையாக அதுவும் கிடந்தது.

பிளம்பர், "அண்ணே, அது சும்மா ஜாயிண்ட்டுன்னு நெனச்சேன்" என்றார். சரி, என்ன சொல்வது. முதலில் ஸ்பிரிங் வைத்த வால்வு கொண்டுவந்தார். வெந்நீர் நூலாகத்தான் இறங்கியது, அந்த ஸ்பிரிங்கைத் தள்ள 0.3 பார் திணறுகிறது. மடல் திறந்து மூடும் வகையை மாற்றிப் போட்டதும் சரியாகிவிட்டது. மறக்காமல் புது மெக்னீசியம் கம்பி ஒன்றும் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

வென்ட்டுக்கு அடியில் தளம் காய்ந்துவிட்டது. அம்மா இன்னும் பட்டனை மட்டும்தான் அமுக்குகிறார்.