தங்கை மேல் விழுந்த பழியும் பி0219-உம்

தங்கை என் காரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கரணை வரை போய்வந்தாள். திரும்பியபோது டேஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "அண்ணா, நான் ஒண்ணும் பண்ணலை. ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினதும் வண்டி ஒரு வெட்டு வெட்டுச்சு, அவ்வளவுதான்" என்றாள்.

மறுநாள் சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, பி0219 (P0219) என்ற பிழைக் கோடு (code) விழுந்திருக்கிறது, இன்ஜின் ஓவர்ஸ்பீடு என்றார்கள். "யார் சார் ஓட்டினது, கியரை மாத்திப் போட்டுட்டாங்களா?" என்று கேட்டு, கோடை அழித்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அப்பா அவளைத் திட்டித் தீர்த்தார். அதன்பிறகு அவள் சாவியைத் தொடவே இல்லை. அதுதான் எனக்கு மனசைப் பிசைந்தது.

இந்தக் கோடில் வரும் 'ஸ்பீடு' வண்டி ஓடும் வேகத்தைக் குறிப்பதில்லை. 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களில் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் பீப் அடிக்குமே, அதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுதான் கணக்கு. அந்த எண்ணிக்கை கம்பெனி வைத்த எல்லையைத் தாண்டிவிட்டதாக இன்ஜினின் கம்ப்யூட்டர் நினைத்தால் பி0219 விழும். நிஜமாகவே தாண்டியிருந்தால் பயப்பட வேண்டிய விஷயம்தான். ஐந்தாவது கியரிலிருந்து நான்குக்குப் போகிறோம் என்று நினைத்து இரண்டில் தள்ளிவிட்டால், சக்கரமே இன்ஜினை இழுத்துச் சுற்றும். பெட்ரோலை நிறுத்தினாலும் அதைத் தடுக்க முடியாது. வால்வு பிஸ்டனில் இடிக்கிற அளவுக்குப் போகலாம்.

பத்து நாளில், இந்த முறை நான் ஓட்டும்போதே, அதே சாலையில் அதே ஸ்பீடு பிரேக்கரில் இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் குதித்தது. திரும்ப சர்வீஸ் சென்டர் போனால் "இசியூ போயிடுச்சு சார், மாத்தணும்" என்று இன்ஜின் கம்ப்யூட்டரையே மாற்ற நாற்பதாயிரம் சொன்னார்கள். கோடை அழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வண்டியை எடுத்துவந்துவிட்டேன். அழித்தால் கூடவே ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். கோடு விழுந்த நொடியில் வண்டி எந்த நிலையில் இருந்தது என்று கம்ப்யூட்டர் எடுத்துவைக்கும் படம் மாதிரி அது. முதல் தடவை அதைத்தான் இழந்திருந்தோம்.

வண்டியின் கம்ப்யூட்டரில் இருப்பதைப் போனில் படித்துக் காட்டும் ஒரு ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகிப் போனில் பார்த்தேன். வண்டி வேகம் 38. இன்ஜின் சுற்று 8,160. ஆக்சிலரேட்டரில் கால் பட்டும் படாமலும்.

கியர் விகிதங்களைத் தேடி எடுத்துக் கணக்குப் போட்டேன். என் வண்டி டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.95 மீட்டர் போகும். 38 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியரில் இன்ஜின் 1,700 சுற்றுதான் வரும். முதல் கியரிலேயே போட்டிருந்தாலும் 4,700 சொச்சம். கிளட்ச் மிதித்திருந்தால்கூட அவ்வளவு குறைந்த ஆக்சிலரேட்டரில் எட்டாயிரம் ஏறாது. ஆக, இன்ஜின் அப்படிச் சுற்றவே இல்லை. யாரோ கம்ப்யூட்டருக்குத் தப்பான எண் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த எண்ணைக் கொடுப்பது கிராங்க் சென்சார். பல கார்களில் ஒரு பல்சக்கரத்தில் 60 பல்லுக்கான இடத்தில் 58 பல் இருக்கும். ஒவ்வொரு பல் கடக்கும்போதும் ஒரு துடிப்பு போகும். வயரில் மின் இரைச்சல் சேர்ந்தால் இல்லாத பல்லையும் எண்ணிவிடும்.

ஆதம்பாக்கத்தில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கணக்கைக் காட்டினேன். "அப்போ வயரைப் பார்ப்போம் தம்பி" என்றார். இன்ஜினை ஐடிலில் விட்டு, சென்சார் வயரை அங்கங்கே பிடித்து ஆட்டினார். நான் போனைப் பார்த்தபடி நின்றேன். 780. 790. 780. ஏர் ஃபில்டர் பெட்டிக்குக் கீழே, கிளிப் உடைந்து வயர் தொங்கிய இடத்தில் அவர் விரல் பட்டதும் 3,400. இன்ஜின் சத்தம் ஏறவில்லை, ஒரு விக்கல் மட்டும். டார்ச் அடித்தால் எலி கடித்த பல் தடம் தெளிவாகத் தெரிந்தது. மேல் உறை கிழிந்து, இரைச்சலைத் தடுக்கும் கவசக் கம்பி அறுந்து, உள்ளே செம்பில் மழைநீர் பட்டுப் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றினார். களிம்பு இல்லாத செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டு சால்டர் வைத்து, கவசக் கம்பியையும் சேர்த்து, சூடு பட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டார். இந்த இடத்தில் வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றினால் சென்னை வெயிலில் பசை உருகி ஒரே மாதத்தில் கழன்றுவிடும் என்றார். சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் சரியாக இருந்ததால் மாற்றவில்லை. புது கிளிப்போடு சேர்த்து 850 ரூபாய்.

ஸ்கேனர் படங்களைப் பத்திரப்படுத்திவிட்டுக் கோடை அழித்தேன். அப்பாவிடம் 38-ஐயும் 8,160-ஐயும் காட்டிக் கணக்கை விளக்கினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், தானே போய் அவள் கையில் சாவியைக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ஓட்ட, நான் பக்கத்தில் போனோடு உட்கார்ந்தேன். அதே ஸ்பீடு பிரேக்கர். "அண்ணா, குதிச்சுதா?"

"இல்லை. நீ போ."