அது ‘போ’ இல்லை, ‘பௌ’
நேற்று சாயங்காலம் காரைக்குடி வீட்டுத் திண்ணையில் அண்ணன் மகள் ஆங்கிலப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். ‘bow out gracefully’ என்பதை ‘போ அவுட் கிரேஸ்ஃபுல்லி’ என்று வாசித்துவிட்டு, “வில்லுக்கும் வெளியே போறதுக்கும் என்ன சம்பந்தம் சித்தப்பா?” என்றாள்.

எழுத்து ஒன்றுதான், ஆனால் வில் என்றால் ‘போ’, குனிந்து வணங்குவது என்றால் ‘பௌ’. நாடகம் முடிந்ததும் நடிகர் சபைக்குத் தலைவணங்கிவிட்டு உள்ளே போவார் இல்லையா, அதுதான் இந்தத் தொடர். கூட ‘கிரேஸ்ஃபுல்லி’ சேர்ந்தால், முகம் சுளிக்காமல், யாரையும் குறை சொல்லாமல் கௌரவமாக விலகிக்கொள்வது. 2013 நவம்பரில் வான்கடேயில் கடைசி டெஸ்ட் முடிந்ததும் சச்சின் குனிந்து ஆடுகளத்தைத் தொட்டுக் கும்பிட்டாரே, அதைச் சொன்னதும் பிடித்துக்கொண்டாள். விளையாட்டுச் செய்தியில் தோற்று வெளியேறும் அணிக்கும் ‘பௌ அவுட்’ என்றே எழுதுவார்கள், அதனால் இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கு இந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் அப்பத்தா ஞாபகம்தான். அத்தனை வருஷம் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை ஒரு பொங்கலன்று அம்மா கையில் கொடுத்துவிட்டு முகப்பில் போய் உட்கார்ந்தார். மறுநாள் வெள்ளைப் பணியாரத்துக்கு அம்மா உளுந்தைக் கூடுதலாகப் போட்டுவிட்டார், அப்பத்தா பார்த்துக்கொண்டேதான் இருந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. பணியாரம் எண்ணெய் குடித்துவிட்டது. இரண்டைப் பிட்டு மிளகாய்த் துவையலில் தொட்டுச் சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, “நல்லா வந்திருக்கு ஆத்தா” என்றார்.