வாய்க்காலில் ஊசி

குறுவைக்கு வாய்க்காலைத் தூர்வாரினால் மண்வெட்டியில் சலைன் டியூபும் மூடியில்லாத ஊசிகளும் வருகின்றன. அரசலாற்றுத் தண்ணீர் பாயும் வாய்க்கால்! எந்த ஆஸ்பத்திரிப் புண்ணியவானோ.

2016 மருத்துவக் கழிவு விதிப்படி ரத்தப் பஞ்சு மஞ்சள் பையில் போய் எரிய வேண்டும். டியூப், ஊசி கழற்றிய சிரிஞ்சு எல்லாம் சிவப்புப் பை. நீராவியில் கிருமி நீக்கி, நறுக்கி, மறுசுழற்சிக்குப் போகும். ஊசிக்குத் துளைபடாத வெள்ளை டப்பா. ரத்தப் பஞ்சு போன்றதை 48 மணி நேரத்துக்குமேல் தேக்கி வைக்கக் கூடாது. பைகள் என்னவோ கலர் கலராகத்தான் தொங்குகின்றன, ஆய்வுக்கு வருபவர்கள் பார்க்க. அள்ளிப்போகும் வண்டிக்குக் காசு கொடுக்கத்தான் சிலருக்கு மனசில்லை.

நடவுக்கு வெறுங்காலோடு இறங்குகிறவர்களுக்குச் சொல்லி வையுங்கள்: ஊசி குத்தினால் பிழியாதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.